எட்டடி ஆழம்

வெர்லீன் லாட்னர் அனுப்பிய வரைபடத்தில்
முன்வராந்தா ஐந்தடிதான்.
சிவப்புப் பென்சிலால் சுழித்தேன்: எட்டு.

மிசிசிப்பிக் கடலோரம்,
புயல்காற்று கூரைகளைப் பெயர்த்துப் போன மேட்டுத்தெரு.
எல்லாரும் திரும்பக் கட்டுகிறார்கள்.
நகரசபைக்காக நான் அளக்கிறேன்.
நடைபாதையிலிருந்து பத்தடிக்குள் வராந்தா.
தளம் பதினெட்டு அங்குல உயரம்.
கைப்பிடிச் சட்டம் உட்கார்ந்தவர் கண்ணை மறைக்கக் கூடாது.
பலகை அடிக்குக் கால் அங்குலம்
தெருப்பக்கம் சாய வேண்டும்,
மழை வந்த வழியே போக.

தொலைபேசியில் கேட்டாள்:
"என் படுக்கையறை அலமாரி போய்விடும்.
அந்த மூன்றடியில் என்னதான் இருக்கிறது?"
முழங்கால் இருக்கிறது என்றேன்.
ஆடுநாற்காலி பின்னால் போக ஓரடி,
முன்னால் வர ஓரடி,
நீட்டிய காலைத் தாண்டி
இன்னொருவர் கதவுக்குப் போக மீதி.
ஐந்தடியில் நாற்காலி வைக்கலாம்,
ஆள் வைக்க முடியாது.
"எனக்கு ஆள் வேண்டாம்" என்று
வைத்துவிட்டாள்.

கோபத்தோடு கட்டினாள்.
எட்டடி; ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.
கூரையின் அடிப்புறத்துக்கு வெளிர்நீலம்:
வானமென்று நம்பிக் குளவி கூடு கட்டாதாம்.
அதை நான் கேட்கவில்லை, விதியிலும் இல்லை.
நாற்காலி கிடையாது.
துடைப்பம் ஒன்று,
சலவை இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி ஒன்று.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
உட்கார வேண்டுமென்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு மாலை
இறால் படகுக்காரர் தொவான் புய்
இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு
சந்தையிலிருந்து நடந்து வந்தபோது
வானம் பொத்துக்கொண்டது.
கண்ணுக்குத் தெரிந்த கூரை அவளுடையது.
பத்தடி: தலை நனையும், சட்டை நனையாது.
கதவு திறந்தது.
அவள் ஒன்றும் பேசவில்லை, துண்டை எறிந்தாள்.
பையிலிருந்து நழுவிய ஆரஞ்சு ஒன்று
பலகை மேல்
மெதுவாக, யோசித்து யோசித்து,
தெருவை நோக்கி உருண்டது.
பிள்ளைகள் சிரித்தன.
அடுத்த பழத்தை அவளே வைத்தாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?
புகார்க் கடிதத்தில் எழுதியிருந்தாள்.

ஜனவரியில் வந்தது, இரண்டு பக்கம்:
"தளம் சாய்கிறது. பழம் உருள்கிறது.
பழம் உருட்டுவதற்கென்றே பிள்ளைகள் வருகிறார்கள்.
புய்யின் மனைவி வலை ஊசியோடு வந்து
அட்டைப்பெட்டி மேல் உட்கார்கிறாள்;
பெட்டி அமுங்கிவிட்டது.
எதிர்வீட்டுக்காரன் நிற்கிறான், அவன் நாயும் நிற்கிறது.
தபால்காரன் என் படியில் மதியம் சாப்பிடுகிறான்.
எந்தப் பிரிவின் கீழ் இவர்களைத் தடுப்பது?
பதில் தேவை."

நேரில் போனேன், அளவுநாடாவோடு.
நாற்காலி இரண்டு.
ஒன்றில் அவள், பெக்கான் கொட்டை உடைத்தபடி.
மற்றதைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.
நான் ஏறவில்லை; வேலை நேரம்.
என்னுடையது மூன்றாம் மாடி, வாடகை.
அடுத்த கதவுக்காரர் பெயர்கூட
தபால்பெட்டியில் படித்ததுதான்.
நடைபாதையில் நின்றே பேசினேன்.

அப்போதுதான் கவனித்தேன்:
உட்கார்ந்த அவள் கண்ணும்
நின்ற என் கண்ணும் ஒரே மட்டம்.
யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
பதினெட்டு அங்குலம்.
நாடா சட்டைப்பையிலேயே இருந்தது.

"என்ன எழுதப் போகிறாய்?"
புகார் ஏற்கப்படவில்லை என்று.
"அது தெரியும். என் அலமாரி?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவள் துணியெல்லாம் இன்னும் கட்டிலடியில்,
மூன்று பெட்டிகளில்.

கொட்டை ஓடு ஒன்று
பலகையில் உருண்டு, படியில் குதித்து,
என் பூட்ஸில் முட்டி நின்றது.