அரை மாத்திரை

முதல் கேசட் முழுக்க கெட்டில்தான்.
கொதிப்பதற்குச் சற்று முன் அது விடும் முனகலை
நாலு தடத்திலும் பதிந்து
ஒன்றை மட்டும் பின்னோக்கி ஓட்டினேன்.
"வெற்றிடம்" என்று பெயர் வைத்தேன்.
இருபத்தாறு வயதில் எதற்கும்
அப்படித்தான் பெயர் வைக்கத் தோன்றும்.

வுப்பர்டாலில் ரயில் ஆற்றுக்கு மேலே
தொங்கிக்கொண்டு போகும்.
என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே,
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை.
மெத்தையை ஜன்னலில் சாத்திப் பார்த்தேன்.
மைக்கோடு குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்தேன்.
ரயில் உறங்கும் இரவு இரண்டு மணிக்குப் பதிந்தால்
ஃபிரிட்ஜ் பாடியது,
ஐம்பது ஹெர்ட்ஸில், எந்தச் சுருதிப்பெட்டிக்கும் அடங்காமல்
இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே.

பகலில் மருந்துக் கம்பெனியில் மாத்திரை எண்ணும் வேலை.
எண்ணுவது இயந்திரம்.
எண்ணுகிறதா என்று பார்ப்பது நான்.
இரவிலும் மாத்திரைதான்:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கொட்டாவியோடு ஒப்பித்தது
ஒலியை நறுக்கும்போது விரலுக்கு வந்தது.
கண் இமைக்கும் நேரமாம் ஒரு மாத்திரை.
அளந்தேன். என் இமைக்கு முன்னூற்று இருபது மில்லி செகண்ட்.
தூக்கம் கெட்ட நாளில் நானூறு.

அடுத்தது ஒரு பழைய சின்தசைசர்,
ஹாகனில் ஒரு பல் டாக்டரின் மகன் விற்றது.
ஒரு கட்டையை அழுத்தினால் எழும்பாது.
எழும்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்,
கேசட்டின் ஒரு பக்கம் தீரும்வரை.
தலைப்பு: அளபெடை.
பதினோரு பிரதி விற்றது.
இருபத்திரண்டு காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.
வாங்கியவரில் ஒருவர், லாட்டர்பாக், அஞ்சலட்டை போட்டார்,
தனக்கு இடது காது கேட்காது என்று.
இருபத்தொன்று.

கீழ்வீட்டு க்வெட்னாவ் அம்மாள்
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார்.
மூன்று தட்டு.
மூன்றாவது எப்போதும் கொஞ்சம் பிந்தும், தோள் வலி.
தரையில் மைக்கை ஒட்டி அதையும் எடுத்துக்கொண்டேன்.
அதற்குள் கம்ப்யூட்டர் வந்திருந்தது,
பிந்தியதை நேராக்குவது ஒரு சொடுக்கு வேலை.
நேராக்கினேன். செத்துப்போனது.
பழையபடி பிந்தவிட்டேன்.
ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்:
"ஏழாவது நிமிடத்தில் வருவது நான்தானே?"
ஆமாம் என்றேன்.
"இரண்டாவது தட்டை அமுக்கிவிட்டாய்."
அன்றிரவே சரிசெய்தேன்.

மெத்தை கட்டிலுக்குத் திரும்பிப் போனது.
ரயிலை உள்ளே விட்டேன்.
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை அது வரும், நான் அதற்குள்
சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பேன்.
"வெற்றிடம்" என்ற பெயரை
எப்போது கைவிட்டேன் என்று நினைவில்லை.

பிறகு ஒரு நவம்பரில்
மேலிருந்த மின்தண்டு கழன்று தெருவில் விழுந்தது.
ரயில் நின்றது. மாதக்கணக்கில்.
பதிலுக்கு பஸ் விட்டார்கள். பஸ்ஸில் என்ன இருக்கிறது.
பாதியில் கிடந்த துண்டு பாதியிலேயே கிடந்தது.
ஜன்னல் முதல்முறையாக ஆற்றைக் கேட்கவைத்தது,
இத்தனை வருடம் கீழே ஓடியும்
அது எங்கள் ஒலிநாடாவில் ஒரு துளி இல்லை.

பிப்ரவரியில், பொறுக்காமல்,
பழைய பதிவிலிருந்து ஒரு ரயிலை எடுத்து
ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் விட்டேன்.
கீழே ஒரு நாற்காலி இழுபட்டது.
ஜன்னல் கொக்கி கழன்றது.
எட்டிப் பார்த்தேன்:
நரைத்த தலையொன்று குளிரில் வெளியே நீண்டு
வெறும் தண்டவாளத்தை
இடமிருந்து வலமாகப் பார்த்தது.

அணைத்தேன்.

அந்தக் கொக்கி மைக்கில் விழுந்திருந்தது.
க், அவ்வளவுதான். அரை மாத்திரை.
இப்போது எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆகஸ்டில் ரயில் வந்தது.
அவர் கீழே, நான் மேலே, அவரவர் ஜன்னலில்.
போய் மறைந்தபின்
என் காலடியில் மூன்று தட்டு.
மூன்றாவது பிந்தவில்லை.