நாற்பத்தாறாம் எண்

இரண்டு தடவை திரும்பி வந்தது நான் செய்த பல்.
டப்பாவின் மேல் சிகப்பி டாக்டரின் கிறுக்கல்:
"அடைக்கலம், ஆறாவயல். ஈறு தடிப்பு. தொட்டால் ரத்தம்."
இரண்டு தடவையும்
பளபளப்பு ஏற்றி அனுப்பினேன்.

செக்காலை ரோட்டில்
கீழே அவர் கிளினிக், மாடியில் என் மேசை.
ஒரு நாளைக்கு ஒன்பது வாய்கள் அச்சில் வரும்,
ஒரு முகமும் வராது.

படித்ததைத்தான் செய்தேன்.
கன்னத்துப் பக்கம் பல் லேசாகப் புடைத்திருக்கணும்,
உப்புக்கண்டத்து நாரும் சீப்புச்சீடைத் தூளும்
அந்தப் புடைப்பில் சறுக்கி
ஈறைத் தாண்டி விழணும்.
நல்லாத் தாண்டட்டுமே என்று
கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டேன்.

மூன்றாம் தடவை டப்பா வரவில்லை,
ஆளே படியேறி வந்தார்.
சட்டைப் பையில் மடக்கு ஸ்கேல், காதோரம் சிமென்ட்.
"நீங்கதானா அது?"
கன்னத்தை விரலால் இழுத்துக்கொண்டு
என் விளக்கடியில் நின்றார்.

முதல்முறையாக
என் பல்லை அது குடியிருக்கும் இடத்தில் பார்த்தேன்.
பக்கத்தில் அவருடைய சொந்தப் பல்,
வெற்றிலைக் கறையோடு,
ஈறிலிருந்து எழுந்து
அரை மில்லிமீட்டர்,
மூச்சு இழுத்ததுபோல் வெளியே வந்து
உடனே உள்ளே போயிருந்தது.
என்னுடையது நிறைமாதம்.
அதன் அடியில், பிரஷ் நுழையாத நிழலில்
மஞ்சளாய் ஒரு கோடு,
அதற்கும் கீழே
அழுது வீங்கிய இமை மாதிரி ஈறு.

"சன்ஷேடை நீளமா இழுத்துவிட்டா
செவுரு நனையாதுதான்.
காயவும் காயாதுல்ல" என்றார்.
செங்கல் விலை பற்றியும் நிறையச் சொன்னார்,
அதை விட்டுவிடுகிறேன்.

டாக்டர் கழற்றிக் கொடுத்ததை
அன்று சாயங்காலம் அரைத்தேன்.
வெள்ளைத் தூள் கண்ணாடியில் படிய,
துடைத்து, திரும்ப அரைத்து,
பக்கத்துப் பல்லின் அச்சைப் பார்த்துப் பார்த்து.
எங்கே நிறுத்துவது என்று
எந்தப் பாடத்திலும் போட்டிருக்கவில்லை.

அடுத்த வியாழன் டப்பா வரவில்லை.
அதற்கடுத்த வியாழனும்.
இந்த வேலையில் பாராட்டு
வராமல்தான் வரும்.

விளக்கை அணைக்கும் முன்
நாக்கால் என் கடைவாயைத் தடவிப் பார்க்கிறேன்.
இருக்கிறது,
யாரும் செய்து வைக்காத
அந்த அரை மில்லிமீட்டர்.