நாற்பத்து மூன்றாம் நிமிடத்து ஜிப்

அந்த ராட்சத உடும்பின் முதுகில்
ஜிப் தைத்தவள் நான்தான்.
பணகுடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பள்ளிச் சீருடை தைக்கிற கடை.
நோட்டில் இப்போதும் இருக்கிறது:
உடும்பு ஒன்று, கூலி தொள்ளாயிரம், பாக்கி நானூறு.

அளவு கொடுக்க வந்தவன் பேச்சித்துரை,
காற்றாலைக் கம்பெனி வாட்ச்மேன்.
இடுப்பு முப்பத்தெட்டு. தோள் பதினேழரை.
வால் எவ்வளவு நீளம் என்றேன்.
யோசித்துவிட்டுச் சொன்னான்:
"பஸ்ல ஏறுத அளவுக்கு வைங்கக்கா."

தோலுக்கு லாரித் தார்ப்பாய்.
செதிலுக்கு முட்டை அட்டை, நாற்பது.
பல்லெல்லாம் பனங்கருக்கு,
கண்ணுக்கு மொபெட்டின் பின்விளக்கு இரண்டு.
வயிற்றில் அட்டை ஒட்டியாயிற்று,
ஜிப்புக்கு முதுகை விட்டால் இடமில்லை.
டைரக்டர் திரவியராஜ் தலையிலடித்துச் சத்தியம் செய்தார்:
"எங்க உடும்பு முதுகு காட்டாதும்மா."

வள்ளியூரில் படம் ஓடியது ஒரே ஒரு வெள்ளி,
ராத்திரிக் காட்சி.
தொண்ணூற்று மூன்று பேர்.
சாரலுக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து.

செம்மண் தேரியைப் பிளந்துகொண்டு வந்தது உடும்பு.
முதலில் திசையன்விளை பஸ்ஸை விழுங்கியது.
பஸ்ஸின் அடியில் சாவி கொடுக்கிற துவாரம்.
கதாநாயகி பச்சைச் சேலையில் ஓட ஆரம்பித்து
நீலச் சேலையில் விழுந்தாள்.
எழுந்தபோது பூ மாறியிருந்தது.
பிறகு காற்றாலையோடு சண்டை.
காற்றாலை என்றால்
வலையைக் கழற்றி வெள்ளையடித்த டேபிள் ஃபேன்.
வேகம் மூன்றில் வைத்திருந்தார்கள்.
இரண்டு செதில் பறந்தது,
கேமராவைப் பார்த்து ஒரு தும்மல்,

திரும்பிவிட்டது.

நாற்பத்து மூன்றாவது நிமிடம்.
ஜிப் பாதி திறந்து,
உள்ளே பனியன்,
பனியனில் ஓட்டை.
"ஏல, உடும்பு பனியன் போட்டிருக்குல!"
தியேட்டரே எழுந்துவிட்டது.
நான் சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறவள் மாதிரி
குனிந்துகொண்டேன்.
ஒன்ஸ் மோர் கேட்டார்கள்.
ஆபரேட்டரும் போட்டார், பாவி.

இரண்டாம் தடவை நிமிர்ந்து பார்த்தேன்.
உடும்பின் கை பின்னால் போகிறது,
ஜிப்பைத் தேடுகிறது,
எட்டவில்லை.
தார்ப்பாய்க்குள் அந்த வெயிலில் ஒரு ஆள்
தன் முதுகைத் தானே தொட முடியாமல்
நாலு அங்குலம் குறைவாக நிற்கிறான்.
சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் இறங்கியது.
முதல் வரிசையில், அதுவரை
அம்மா மடியில் முகம் புதைத்திருந்த பொடியன்
நாற்காலிமேல் ஏறிக் கத்தினான்:
"ஏ உடும்பு, பின்னாடி தொறந்திருக்கு!"

கோடி கோடியாய்க் கொட்டி எடுத்த பூதங்களையும்
நாகர்கோவில் போய்ப் பார்த்திருக்கிறேன்.
ஒரு தையல் தெரியாது.
பயந்தேன், வந்தேன், தூங்கிவிட்டேன்.
எந்தப் பூதத்திடமும்
எனக்கு ஒன்றும் சொல்ல இருந்ததில்லை.

போன வாரம் பேச்சித்துரை மறுபடி வந்தான்.
பாகம் இரண்டாம்.
"ஜிப்ப நல்லா பெருசா, வெள்ளையா வைக்கச் சொல்லுதாவ.
ஜனங்க அதப் பாக்கத்தான் வருதாவளாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது.
பழைய பாக்கி நானூறை வைக்கச் சொன்னேன்.
பிறகு சொன்னேன், போய்ச் சொல்லு,
இந்தத் தடவை ஜிப்பை மூடிப் பட்டி வைப்பேன்,
மேலே இரண்டு கொக்கி,
எமனே வந்தாலும் கண்ணில் படாது.
ஒழுங்காத் தைச்சாத்தான்டே
பிரியும்போது அழகு.

அவன் தலையாட்டினான்.
புரிந்ததா தெரியவில்லை.

வாலை மட்டும் ஒரு சாண் குறைத்திருக்கிறேன்.
போன தடவை கண்டக்டர் அதற்கு
அரை டிக்கெட் கிழித்துவிட்டாராம்.