ரம்பப்பல்

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்தவர்
கீபோர்டைத் தொடும் முன்பே கேட்டார்:
"இது அசல் அனலாக்தானா?"

பீடோங்கில் இதுவரை யாரும்
என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.
கல்யாண வீடுகளில் கேட்டதெல்லாம்
"வாசிப்பு சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?"

ஸ்க்ரூ பதினான்கு. கழற்றினேன்.
ஆறு குரல், ஆறு கெப்பாசிட்டர்,
ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு குவார்ட்ஸ்.
அதைக் கண்டதும் அவர் முகம்
வாடகைப் பாக்கி கேட்ட முகமானது.

"உள்ளே எண்ணுகிறது, மிஸ்டர் ஹரேந்திரன், மறைக்கவில்லை.
இத்தனை எண்ணியதும் ஒரு தட்டு.
தட்டினால் கெப்பாசிட்டர் காலி.
ஆனால் நிரம்புவதை யாரும் எண்ணுவதில்லை.
வோல்ட் அதன்பாட்டுக்கு ஏறும்,
ரம்பப்பல்லின் சரிவில்,
படியே இல்லாத ஏற்றம்."

புரியவில்லையோ என்று
சாலைக்கு அப்பால் மிச்சமிருந்த பால்மரங்களைக் காட்டினேன்:
மங்கு நிரம்புவது மரத்தின் வேலை.
எப்போது கவிழ்ப்பது என்பது
சங்கு ஊதுகிறவன் வேலை.

"பால் சொட்டுச் சொட்டாகத்தானே விழும்?
அப்போ அதுவும் எண்ணிக்கை."

உவமை அங்கேயே கவிழ்ந்தது.
போகட்டும்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது
எண்ணவே தெரியாத பெட்டி. அசலோ அசல்.
லூனாஸ் மண்டபம், தகரக் கூரை, பத்தரை முகூர்த்தம்.
சூட்டில் கால் ஸ்வரம் நழுவிவிட்டது.
நாகசுரம் குழந்தைவேலு
சீவாளியை வாயிலிருந்து எடுத்து
என்னைப் பார்த்த பார்வைக்கு
ஒப்புமை கிடையாது.
அடுத்த மாதமே இதை வாங்கினேன், கூட்டுப் பணத்தில்.

எண்ணுவது என்றால் நமக்குக்
கணக்கிடுவதும்தான், நினைப்பதும்தான்,
எங்கே பிரிப்பீர்கள் என்றேன்.
அவர் பில்டர் குமிழைத் தேடிக்கொண்டிருந்தார்.

கீழ் ஸா. அழுத்தினார். மெல்லத் திறந்தார்.
ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.
அதே நேரம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
வாசலைக் கடந்தது.
எது அதிரவைத்தது என்று
இருவருமே கேட்கவில்லை.

"குவார்ட்ஸுக்காக ஐந்நூறு குறைங்க, அக்கா."
குறைக்கவில்லை.

வெள்ளியை எண்ணத் தொடங்கினார்.
பாதியில், கட்டைவிரல் இன்னும் நோட்டின் மேல் இருக்க,
மற்றக் கையால்
மறுபடியும் அந்த ஸா.

எண்ணிக்கை விட்டுப்போனது.
முதலிலிருந்து.