எந்த லைன்

தின்சுகியாவுக்குக் கிழக்கே, தேயிலைக்கு நடுவே
சரளைக்கல் கொட்டிய ஒரு சதுரம், எங்கள் துணைமின்நிலையம்.
இரவுப் பணி என்னுடையது. ஜோன்மோனி பூராகோஹாய்ன்.
மணிக்கொரு தரம் பதிவேட்டில் நான் எழுதும் சொல்
லைன்.
இருக்கிறது, இல்லை.
அவ்வளவுதான் அதன் இலக்கணம் என்று நம்பியிருந்தேன்.

போர்தொய்சிலா என்போம் எங்கள் சித்திரைப் புயலை,
தாய்வீட்டுக்கு ஓடுகிற பெண்.
ஓடிய ஓட்டத்தில் பதினெட்டுக் கம்பங்களைச் சாய்த்துவிட்டாள்.
நிமிர்த்த நாலா திசையிலிருந்தும் ஆள் வந்தது.

வரைபடம் பார்க்கும் காவடே, மும்பைக்காரர்,
வந்த அன்றே கேட்டார்: நீங்க எந்த லைன்?
விழித்தேன்.
வெஸ்டர்னா, ஹார்பரா?
பிரம்மபுத்திரா என்றேன்.

மேஸ்திரி ஹர்பேஜ் சிங்குக்கு அந்தச் சொல்லே ஆகாது.
போலீஸ் தம்பியை ஏதோ புகாரில்
'லைன் ஹாஜிர்' ஆக்கிவிட்டார்களாம்.
தொப்பி உண்டு, வேலை கிடையாது,
லைனில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறான்.

சாலக்குடி ஜெஸ்டின் ஆறு மணியானால்
கைப்பேசியோடு மூங்கில் புதருக்குள் காணாமல் போவான்.
அவனுக்கு லைன் இருக்கு, திப்ருகர் நர்ஸ்,
என்று கண்ணடித்தான் சாதிக்குல்.
மால்டாக்காரன். கம்பம் ஏறுகிறவன்.
இந்த லைனுக்கு வந்து பதினோரு வருஷம் என்பான்,
தொழிலைச் சொல்கிறானா, கம்பியையா?
கேட்டால் சிரிப்பான்.

அன்று இரவு
ஏழாம் கம்பத்தின் உச்சியில் அவன் இருந்தான்.
இறங்கியதும் சொல்கிறோம் என்றிருந்தார் ஹர்பேஜ்.
ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று அழைப்பு,
ஜெனரேட்டரில் டீசல் தீர்கிறது, தீர்கிறது.
பத்து இருபதுக்கு மறுபடி மணி.
இரைச்சலுக்குள் ஒரு குரல்:
"பாய்தேவ், லைன்ல ஒருத்தரும் இல்ல.
எல்லாரும் வெளிய வந்தாச்சு."

எழுதினேன். லைனில் ஆள் இல்லை.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.
அனுமதிச் சீட்டு திரும்பி வரவில்லை, அது நினைவில்லை.
எழுந்துபோய்ப் பிடியில் கை வைத்தேன்.
அந்த இரும்பின் குளிர்
இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

எது நிறுத்தியது?
அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
குரலுக்குப் பின்னால் ஒரு கோழி கத்தியது.
கம்பத்தடியில் ஏது கோழி?

எந்த லைன், என்றேன்.
"எந்த லைன்னா? பன்னெண்டாம் லைன்.
எங்க வீடுங்க. யானை வந்திருக்கு பாய்தேவ்,
புள்ளைங்க, கோழி எல்லாத்தையும் தூக்கிட்டு
ஃபேக்டரிக்கு வந்துட்டோம்.
கரண்ட் வந்து வெளிச்சம் பார்த்தா
அது போயிடும், அதான்..."

சோம்ரா தாந்தி. தோட்டத்தில் களையெடுப்பவர்.
ஐந்து தலைமுறைக்கு முன்
ராஞ்சிப் பக்கமிருந்து ஆள்பிடித்து வந்து
வரிசையாய்க் கட்டிய அறைகளில் இறக்கினான் வெள்ளைக்காரன்.
வரிசைக்கு அவன் சொன்ன பெயரையே
வீட்டுக்குச் சொல்லி வாழ்கிறார்கள்.
அங்கே பிறந்து, அங்கே சண்டையிட்டு,
அங்கே பூசணிக்கொடி ஏற்றி.

கையை எடுத்தேன்,
ஒவ்வொரு விரலாக.

பதினொன்று ஐந்துக்கு இறங்கிவந்தான் சாதிக்குல்.
சட்டை முழுக்கச் சேறு. வாசலில் நின்று
என் ஃபோனை வாங்கி மனைவிக்குப் போட்டுப் பார்த்தான்.
"லைன் கிடைக்கல" என்று திருப்பித் தந்தான்.
பரவாயில்லை என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.
அவனிடம் எதையும் சொல்லவில்லை.

சீட்டு கைக்கு வந்தபின் பிடியை ஏற்றினேன்.
தூரத்தில் பன்னிரண்டாம் லைன் மஞ்சளாக எரிந்தது.
யானை போயிற்றா என்று
யாரும் திரும்ப அழைத்துச் சொல்லவில்லை.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.
அந்த வரி அப்படியே இருக்கிறது,
லைனில் ஆள் இல்லை.
பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்த்தேன்: வீடு.

காலையில் வந்த பொறியாளர்
அதற்கும் ஒரு சரி போட்டுவிட்டுப் போனார்.