அழாத பிள்ளை

குதிகாலின் ஓரத்தில் குத்த வேண்டும்.
நடுவில் கூடாது, எலும்பு பக்கம்.
முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு
அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.
தாளில் ஐந்து வட்டம்.
துளி தானாய்ப் பரவி மறுபுறம் நனைய வேண்டும்.
ஒன்றின் மேல் இன்னொன்று சொட்டினால்
தாளும் வீண், வலியும் வீண்.

கடலூர் அரசு ஆஸ்பத்திரி, மாடி வார்டு.
வெயில் படாத மேசையில் காய்கின்றன அட்டைகள்.
எதிலும் பெயர் இல்லை.
'இலஞ்சியத்தின் ஆண் குழந்தை',
என் கிறுக்கல் கையெழுத்து.
குத்தியபோது மற்றதெல்லாம் வீறிட்டன.
இவன் உதட்டைச் சுழித்தான்,
யோசித்தான்,
விட்டுவிட்டான்.

பத்தாம் நாள் எண் வந்தது.
இருபதுக்குள் நிற்க வேண்டியது
நூறைத் தாண்டியிருந்தது.
கொடுத்த நம்பர் அப்பனுடையது.
அவன் விசைப்படகில், டவர் எட்டாத தண்ணீரில்.
பதினோரு தடவை அதே பெண்குரல்,
அதே பணிவு: அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

டூட்டி முடிந்து
ஸ்கூட்டியை தேவனாம்பட்டினத்துக்குத் திருப்பினேன்.
சில்வர் பீச் பஜ்ஜிக் கடைகள் தாண்டி
ஐஸ் உடைக்கும் சத்தம் வரும் சந்து.
"எந்த இலஞ்சியம்?
அழாத புள்ளை பெத்தாளே, அவளா?"
மூன்று பேர் ஒரே வீட்டைக் காட்டினார்கள்.

கண்ணில் இன்னும் மஞ்சள்.
தொப்புள் துருத்தி, நாக்கு உதட்டோரம்.
"பாலுக்குக்கூட எழுப்பணும்க்கா,
அவ்ளோ நல்லவன்."
அந்தப் பெருமையை
நான்தான் அவள் முகத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

என் கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.
"நான் தினம் மீன் தின்னேனே.
கடல் உப்புல அயோடின்னு ஸ்கூல்ல படிச்சேனே."
உன் தப்பில்லை என்றேன்.
இது சாப்பாட்டில் வந்ததில்லை என்றேன்.
"பாத்தா ஒண்ணும் தெரியலையே?"
தெரியும்வரை மூளை காத்திருக்காது
என்பதை எப்படிச் சொன்னேனோ, நினைவில்லை.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"உங்க வண்டியிலயே வரலாமா?"

ஒரு மாதம் கழித்து, புது நம்பர்.
காலை ஐந்தரை.
முதலில் அவள் குரலே கேட்கவில்லை;
பின்னால் ஒருவன் தெருவையே கிழித்துக்கொண்டிருந்தான்.
"பக்கத்து வீட்ல சண்டைக்கு வராங்கக்கா"
என்று கத்தினாள், சிரித்தாளா என்றும் தெரியவில்லை.
பிறகு சந்தேகம் கேட்டாள்:
மாத்திரையைப் பொடித்து, பாலில் கரைத்து ஊட்டிய பின்
கரண்டியில் வெள்ளையாய்க் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதாம்.
கழுவிவிடலாமா?

கழுவாதே.
இன்னும் ரெண்டு சொட்டுப் பால் விட்டு
அதையும் கொடு.