இரண்டு பக்கமும்

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
என் ஜெராக்ஸ் கடை.
ஆதார், சாதிச் சான்று, வாடகை ஒப்பந்தம்,
எல்லாம் என் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்தவைதான்.
எதையும் படிப்பதில்லை. தொழில் தர்மம்.

பவுலின் கொண்டுவந்த தாளை மட்டும் படித்தேன்.
கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறவள்.
"இங்கிலீசுல இருக்குண்ணா. என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்க."

பிரிவு முப்பத்தொன்று.
ஆறு வயது முதல் பதினெட்டு வரை
மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை,
பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ,
விருப்பப்படி.
"யார் விருப்பப்படி?"
மறுபடி படித்துப் பார்த்துச் சொன்னேன்:
உங்க பையன் விருப்பப்படி.
சிரித்துவிட்டாள்.
"அவன்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்கலையே."

மூன்று ஜூன் மாதங்கள்.
ஒவ்வொரு ஜூனுக்கும் ஐந்து பிரதி.
ஒரு பள்ளியில் இடமில்லை,
இன்னொன்றில் ஆயா இல்லை,
ஒரு தலைமையாசிரியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து
"மத்த பிள்ளைங்க பயப்படும்மா" என்றாராம்.
தண்ணி நல்லா ஜில்லுன்னு இருந்தது, என்றாள் பவுலின்.

நாலாம் வருஷம் சேர்த்துக்கொண்டார்கள்.
எனக்கும் ஒரு துண்டு கேக் வந்தது.

பிப்ரவரியில் மறுபடி வந்தாள்.
செல்போனில் வருகைப் பதிவேட்டின் படம்.
டெரன்ஸ் என்ற பெயருக்கு நேரே
ஒரு நாள்கூட விடாமல் டிக்.
வகுப்பு மாடியில். இருபத்திரண்டு படி.
"பேருதான் இருக்கே, பிள்ளை வீட்டுலயே இருக்கட்டும்"
என்று முதல் வாரமே சொல்லியிருக்கிறார்கள்.

காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த
பதினோரு நாளும்
பள்ளிக்குப் போயிருக்கிறான் பிள்ளை.
நடக்காத கால்
இருபத்திரண்டு படி ஏறி
ஒரு சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது
தினமும்.

"இதைப் பிரிண்ட் போடுங்க, கலர்ல.
அப்புறம் இது, ஆறு காப்பி."
அதே பழைய தாள்.
மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.
பின்னால் பேனாவில் அவள் கையெழுத்து:
கீழ் ரூம் வாசல் முப்பத்திரண்டு இஞ்ச்.
நாற்காலி இருபத்தைந்து.
வாசப்படி நாலரை. ஒரு பலகை போதும்.

தையல் டேப்பால் அளந்தது.
அவள் கணக்கில் கால் இஞ்ச் தப்பினால்
காலர் கழுத்தில் நிற்காது.

எந்தப் பக்கம் போட, என்றேன் பழக்கத்தில்.
"ரெண்டு பக்கமும்."

வாசலில், நாற்காலியில், டெரன்ஸ்.
மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம் ஒவ்வொரு தடவை நகரும்போதும்
அவன் உதடு அசைந்தது.
பன்னிரண்டில் மெஷின் நின்றது.

பதிமூணு,
என்றான்.